கடலைப் பார்த்தது யார்?

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் வந்த மறுநாள் காலையில், வீட்டில் உள்ளவர்களைத் தனித்தனியே கூப்பிட்டு, "நேற்று என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள், சகோதரிகளே! வேடிக்கையாக இருக்கும்.

பெரிய பையன் பட்டத்தைப் பார்த்திருப்பான். சின்னப் பெண் மணலில் ஓடி ஒளிந்த நண்டைப் பார்த்திருப்பாள். வீட்டு ஐயா, பத்து வருஷத்துக்கு முன் தம்மோடு வேலை பார்த்த சிநேகிதர் ஒருவரைப் பார்த்திருப்பார். அரை மணி நேரம் பேசியும் இருப்பார். மாமியாருக்கு மணக்குள விநாயகர் தரிசனம் திவ்வியமாகக் கிடைத்திருக்கும். கடைசியாக உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு ஜோடிச் செருப்பு, இரண்டு பை, ஒரு தண்ணீர்க் குடுவை, ஈரத் துண்டு மூன்று. இவ்வளவுதானே நீங்கள் பார்த்தது?

"கடல்?" என்று கேட்டால், "அதுவும் அங்கேதான் இருந்தது!" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவீர்கள்.

சிரிக்க வேண்டிய சமாசாரம்தான். ஆனால் இதிலே சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன்.

ரெட்டியார்பாளையத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர் என்னவாக இருந்தால் என்ன? விழுப்புரம் சாலையை ஒட்டிய ஏதோ ஒரு தெருவில் வீடு. கடற்கரை ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள்தான் போவதே இல்லை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சனிக்கிழமைதோறும் கார் கார்களாக வந்து இறங்குகிறார்கள். நம் வீட்டுக்காரர்களுக்கோ ஊரிலிருந்து விருந்தாளி வந்தால்தான் கடல் ஞாபகம் வருகிறது.

அப்படி நாத்தனார் குடும்பம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரை என்று முதல் நாள் இரவே முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். அம்மா மட்டும் புளியை ஊறப் போட்டாள்.

காலை நாலரை மணிக்கு அவள் நாள் ஆரம்பம். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாமனாருக்கு உப்பில்லாமல் இரண்டு இட்லி. கைக்குழந்தைக்குப் பால், மாற்றுத் துணி, தலைவலித் தைலம், பழைய போர்வை ஒன்று. எல்லாரையும் குளிக்க வைத்து, எல்லாருக்கும் தலை வாரி, கடைசியில் தன் தலையை இரண்டு நிமிஷத்தில் முடிந்துகொண்டு கதவைப் பூட்டும்போது, "இன்னுமா கிளம்பலே?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு உரியவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

பஸ்ஸில் ஏறி, இந்திரா காந்தி சிலையையும் நெல்லித்தோப்பையும் தாண்டி, பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் கடற்கரை வந்து சேர்ந்தாகிவிட்டது.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் அழகைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்! சுமார் 1.5 கிலோமீட்டர் நீளம். நடப்பதற்கென்றே அமைந்த சாலை. நடுநாயகமாகக் காந்தி சிலை. சுற்றிலும் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த பழைய கல்தூண்கள். எதிரே, முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் நீத்தவர்களின் நினைவுச் சின்னம். 1836-இல் முதன்முதலாக விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். மாலை 6 மணிக்கு மேல் வாகனங்களை உள்ளே விடுவதில்லை. குழந்தைகளைத் தெருவில் தாராளமாக ஓடவிடலாம். சுண்டல் உண்டு, மிளகாய் பஜ்ஜி உண்டு, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்ப் பத்தையும் உண்டு.

ஆனால் குழந்தைகளுக்கு இதெல்லாம் கண்ணில் படுமா? "மணல்! மணல்!" என்று கூவிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அந்த மணலுக்கு ஒரு கதை இருக்கிறது. புதுச்சேரிப் பெரியவர்களைக் கேளுங்கள். தங்கள் சிறு வயதில் இங்கே அகலமான மணற்கரை இருந்ததென்று சொல்லுவார்கள். வங்கக் கடலின் இந்தக் கரையோரம் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகவும், வடகிழக்குப் பருவ காலத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும் அலைகள் அதைத் தள்ளிக்கொண்டே போகின்றன. 1980-களின் இறுதியில், நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்கள் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. தேங்கிய மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடும் ஒழுங்காக நடைபெறவில்லை. வாங்கிக்கொண்டு போன கடல் திருப்பிக் கொடுக்காமல் போகவே, நகரத்துக் கரை கரைந்தது. கரையைக் காப்பாற்ற வரிசையாகப் பாறைகளைக் கொட்டினார்கள். மணற்கரை போய்ப் பாறைக்கரை ஆயிற்று. அதற்கு வடக்கே இருந்த மீனவக் குப்பங்களையும் கடல் அரிக்கத் தொடங்கியது.

பிறகு, சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்து விஞ்ஞானிகள் ஒரு யோசனை செய்தார்கள். தலைமைச் செயலகத்துக்கு நேரே, கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் எஃகினால் ஒரு செயற்கைத் திட்டை 2018, 2019 ஆண்டுகளில் அமைத்தார்கள். அலையின் வேகம் அதிலே உடைய, அதன் பின்னே மணல் படியத் தொடங்கியது. ஒரு தலைமுறை கண்ணால் காணாத மணல், காந்தி சிலைக்கு அருகே திரும்ப வந்து சேர்ந்தது. ஊரே கொண்டாடிற்று. கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் சகோதரிகளே, பாறை இருந்தவரை கடலுக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு வேலி இருந்தது. மணல் வந்ததும் வேலி போய்விட்டது. மணலைக் கண்டால் கால் இறங்கும்; கால் இறங்கினால் முழங்கால் இறங்கும். 2023-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில், புத்தாண்டுக் கூட்டம் சேரும் வேளையில், இந்தக் கடற்கரைச் சாலையில் விளையாட இறங்கிய இளம் பிள்ளைகள் அலையில் போனார்கள். அந்த வீடுகளில் புத்தாண்டு எப்படி விடிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது நம் ரெட்டியார்பாளையத்துக் குடும்பத்துக்கு வருவோம். போர்வை விரித்தாயிற்று. பெரியவர்கள் ஆறு பேர், குழந்தைகள் ஐந்து பேர். ஒரு குழந்தைக்கு ஒருவருக்கு மேலேயே காவல் இருக்கிறது என்று கணக்குச் சொல்லுவீர்கள். கணக்கு சரி. நடப்பதைக் கேளுங்கள்.

"பெரியவன் எங்கேங்க?"

"உன்கிட்டதானே இருந்தான்?"

"நான் உங்ககூட இருக்கான்னு இல்ல நினைச்சேன்!"

"அத்தை பார்த்துக்கிட்டு இருந்தாங்களே..."

அத்தையோ கைக்குழந்தைக்கு வெயில் படாமல் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஐயா கைப்பேசியில் எல்லாரையும் படம் பிடிக்கிறார். படத்தில் தெரிகிறவர்களை மட்டும்தான் அவர் பார்க்கிறார். சித்தப்பா பஜ்ஜிக்குப் பேரம் பேசுகிறார். ஆறு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஆறு பேரும் நம்பியிருக்க, உண்மையில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

"ஏதாவது என்றால் குழந்தை கத்தாதா?" என்கிறீர்களா? இதுதான் பெரிய தவறான எண்ணம். சினிமாவில் மூழ்குகிறவர்கள் கையை உயர்த்தி, "காப்பாற்றுங்கள்!" என்று கூச்சலிடுவார்கள். நிஜத்தில் மூழ்குகிற குழந்தை சத்தம் போடாது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் ஓரிரு கணத்தில் மூச்சு வாங்கவே நேரம் போதாது, கத்துவது எங்கே? கை அசைத்துக் கூப்பிடவும் முடியாது. கைகள் தாமாகவே தண்ணீரைக் கீழே அழுத்தப் பார்க்கும். பத்தடி தூரத்தில் நிற்பவருக்குக் குழந்தை தண்ணீரில் விளையாடுவது போலவே இருக்கும். பல சமயம் ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய கால் பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

கடல் எப்படி இழுக்கிறது என்பதையும் சற்றுத் தெரிந்துகொள்ளுங்கள். கரைக்கு வந்த அலைத் தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? மணல்மேடுகளுக்கு நடுவே எங்கே பள்ளம் இருக்கிறதோ, பாறையோ பாலமோ கல்சுவரோ எங்கே இருக்கிறதோ, அங்கே அது ஒன்றுசேர்ந்து ஓர் ஓடையாகக் கடலை நோக்கி ஓடும். பலமான ஓட்டம் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தைக்கூட எட்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரரும் அதை எதிர்த்து நீந்திக் கரைக்கு வர இயலாது.

இதிலே ஓர் ஏமாற்று வேலையும் உண்டு. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக நுரைத்து விழும். நடுவே ஓரிடம் மட்டும் அலையில்லாமல் சாதுவாக, சற்றுக் கறுத்தோ மணல் கலங்கியோ தெரியும். "இங்கேதான் அலை இல்லை, குழந்தைகளை இங்கே இறக்கு" என்று நாம் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான்! இழுக்கும் ஓடையே அதுதான்.

வெயில் பளிச்சென்று அடிக்கிறது, காற்றும் இல்லை. ஆகவே கடல் சாந்தமாக இருக்கிறது என்றும் எண்ணிவிடாதீர்கள். பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தென்கடலில் அடித்த புயலின் அலை, சத்தமில்லாமல் பயணம் செய்து நம் கரையில் வந்து மோதுவதுண்டு. கேரளத்து மீனவர்கள் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2024 மே 6-ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவ மாணவியர் ஐந்து பேர் மாண்டது இத்தகைய அலை எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. மழை வருமா என்று செய்தியில் பார்க்கிறோமே, அதோடு கடல் எப்படி என்றும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் குறைந்தா போய்விடும்?

பயமுறுத்திக் கடற்கரைக்கே போகாமல் செய்துவிடுவது என் நோக்கமல்ல. போங்கள், அவசியம் போங்கள். ஆனால் புளிசாதத்துக்குச் செய்த ஏற்பாட்டில் பாதியாவது இதற்கும் செய்துகொண்டு போங்கள்.

முதலாவது, இடம். கடற்கரைச் சாலை நடக்கவும் காற்று வாங்கவும் அலையின் ஓரத்தில் பாதம் நனைக்கவும் ஏற்றது, குளிக்க ஏற்றதல்ல. குளித்தே ஆக வேண்டுமென்றால் குளிப்பதற்கென்று எல்லை குறித்து, உயிர்காப்பாளர்கள் நிற்கும் இடத்துக்குப் போங்கள். சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அந்தச் சான்றுக்குக் காவலும் ஒரு நிபந்தனை. காவலர் "வேண்டாம்" என்று சொன்னால் வேண்டாம்தான், "அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறோமே!" என்று அவரிடம் வாதாடாதீர்கள். இருட்டிய பிறகும், ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும் நாட்களிலும் தண்ணீர்ப் பக்கமே வேண்டாம்.

இரண்டாவது, பாரா. இதுதான் முக்கியம். குழந்தைகள் தண்ணீர் ஓரம் இருக்கும்வரை, பெரியவர் ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் அவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு இல்லை, சுண்டல் இல்லை, கைப்பேசி இல்லவே இல்லை. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மாறும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இனிமே நீங்க பாருங்க." "சரி, நான் பார்க்கிறேன்." அந்தப் பதில் வந்த பிறகுதான் முன்னவர் கண்ணை எடுக்கலாம். பட்டாளத்தில் காவல் மாறுவதில்லையா? அந்த மாதிரி. தலைக்குக் கட்டும் துண்டோ, ஒரு தொப்பியோ, யார் பாராவோ அவரிடம் இருக்கட்டும். தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. "நான் நினைச்சேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

சின்னக் குழந்தைகளுக்குப் பாரா மட்டும் போதாது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். ஈர விரல் நழுவும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது பெரியவர்களுக்கும் ஆகாது. கூட்டத்தில் தொலைந்தால் எங்கே வந்து நிற்பது என்று இறங்கியவுடனேயே குழந்தைகளுக்குக் காட்டிவிடுங்கள். காந்தி சிலையைவிடச் சுலபமான அடையாளம் வேண்டுமா? அப்பாவின் கைப்பேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்பது. இழுக்கும் ஓட்டம் ஆளைக் கீழே அமுக்குவதில்லை, வெளியே கொண்டுபோகிறது. எதிர்த்து நீந்தினால்தான் கை ஓய்ந்து மூழ்குகிறார்கள். மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைப் பக்கம் திரும்ப வேண்டும். இதைப் பெரிய பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லி வையுங்கள். கரையில் இருப்பவர் பதறிப்போய்ப் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவராகப் போன துக்கங்கள் எத்தனையோ! மிதக்கும் எதையாவது எறியுங்கள். மூடி இறுக்கிய காலிப் பிளாஸ்டிக் குடம் போதும். உயிர்காப்பாளரையும் அருகில் உள்ள மீனவர்களையும் கூவி அழையுங்கள். அவசர உதவிக்கு 112. கடலோரக் காவலுக்கு 1093.

மீட்டவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவதும் தவறு. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். 108-க்கும் சொல்ல வேண்டும். தண்ணீர் குடித்துத் தப்பியவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும், ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு சகோதரி முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது: "இந்தப் பாராவும் கடைசியில் என் தலையில்தானே விழப்போகிறது?"

விழக் கூடாது என்பதற்காகத்தான் அம்மா இவ்வளவும் எழுதுகிறேன்! நாலரை மணிக்கு எழுந்து, பதினோரு பேருக்குச் சமைத்து, பரிமாறி, பாத்திரம் அடுக்கி வைத்தவளுடைய கண்ணைவிட, பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தவருடைய கண்தான் காவலுக்குத் தெம்பாக இருக்கும். நியாயத்தை விடுங்கள், குழந்தைகளின் பத்திரத்துக்காகவே பாரா பங்கிடப்பட வேண்டும். "அம்மா பார்த்துக்கொள்வாள்" என்று ஐந்து பேர் ஓய்வெடுக்கிற குடும்பத்தில், அந்த அம்மா தயிர்சாத டப்பாவைத் திறக்கத் திரும்பும் ஒரு நிமிஷம் காவலே இல்லாத நிமிஷம்.

ஆகவே வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே பட்டியல் போட்டுவிடுங்கள். முதல் இருபது நிமிஷம் ஐயா; அடுத்தது சித்தப்பா; அப்புறம் நாத்தனார் வீட்டுக்காரர்; கல்லூரியில் படிக்கும் பெண் இருந்தால் அவளும் ஒரு முறை. உங்கள் முறையும் வரட்டும். வராமல் இருக்க வேண்டாம். ஆனால் மற்றவர்கள் முறை நடக்கும்போது நீங்கள் பையை எடுத்துப் பாத்திரத்தை அடுக்காதீர்கள். செருப்புக்கும் பைக்கும் மாமனார் காவல் இருப்பார். அவருக்கும் ஓர் உத்தியோகம் கிடைத்த சந்தோஷம்.

நீங்கள் எழுந்து அலையின் ஓரத்துக்குப் போங்கள். கிழக்குக் கரையில் இது ஒரு சௌகரியம். மாலையில் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும், கண் கூசாது. பௌர்ணமி நாளாக இருந்தால் இன்னும் விசேஷம்: சூரியன் மேற்கே இறங்கும் வேளையில், கடலுக்கு மேலே சந்திரன் தாம்பாளம் மாதிரி எழுந்து வரும். தண்ணீர் வந்து பாதத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். காலடியிலிருந்து மணல் நழுவும்போது உள்ளங்காலில் குறுகுறுக்கும். கல்யாணமாகி ரெட்டியார்பாளையத்துக்கு வந்து பதினைந்து வருஷத்தில், கையில் ஒரு சாமானும் இல்லாமல், காதில் "அம்மா!" என்ற கூப்பாடும் இல்லாமல், எத்தனை தடவை அப்படி நின்றிருப்பீர்கள்?

இருபது நிமிஷம் நில்லுங்கள். "குழந்தைகள்?" என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். ஒரே ஒருமுறை பாருங்கள். தொப்பி யார் தலையில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். மறுபடி கடலைப் பாருங்கள்.